நடுக்கம் நின்ற பிறகு
உடல்வழி மனவடுப் பயிற்சிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்



உடலை நடுங்கவிட்டோ, மூச்சை விரைவுபடுத்தியோ, உடலுணர்வுகளை உன்னிப்பாகக் கவனிக்கச் செய்தோ மனவடுவை ஆற்றலாம் என்ற நம்பிக்கையில் நடத்தப்படும் பயிற்சிகள், உளமருத்துவரின் அறையைத் தாண்டி யோகா நிலையங்களுக்கும் வார இறுதி முகாம்களுக்கும் கைபேசித் திரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. போர், விபத்து, பாலியல் வன்முறை, குழந்தைப் பருவக் கொடுமை போன்ற பேரதிர்ச்சிகள் கடந்துபோன பின்னும் அவை உள்ளத்திலும் உடலிலும் விட்டுச்செல்லும் நீடித்த பாதிப்பே இங்கு மனவடு எனப்படுகிறது. அப்பயிற்சிகளால் பயன் பெற்றோர் உண்டு என்பதை இம்மடல் மறுக்கவில்லை. பாய்கள் சுருட்டப்பட்டு அவரவர் வீடு திரும்பிய பின், அன்றிரவிலும் அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும் பங்கேற்றவருக்கு நேர்பவற்றை எப்படிப் புரிந்துகொள்வது, அவற்றுக்கு யார் பொறுப்பேற்பது என்பதே இங்கு பேசப்படும் பொருள். எது வந்தாலும் அது குணமாவதன் அறிகுறியே என்று கற்பிக்கும் வழக்கம் இத்துறையில் வேரூன்றியிருக்கிறது. அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடல் எழுதப்படுகிறது.

இவ்வகையில் இன்று பரவலாக அறியப்படுவது டேவிட் பெர்சேலி என்னும் அமெரிக்கர் வகுத்த ‘டிஆர்இ’ என்ற பயிற்சிமுறை. லெபனான் உள்ளிட்ட போர் நிலங்களில் பணியாற்றிய அவர், குண்டு விழும் வேளையில் பதுங்கிடங்களில் இருந்தவர்களின் உடல்கள் தம்மையறியாமல் சுருண்டுகொள்வதையும் நடுங்குவதையும் கண்டு, அந்த நடுக்கத்தை வேண்டும்போது வரவழைக்கும் வழியைத் தேடினார். அடக்கி வைத்த உணர்ச்சிகள் தசைகளில் கவசமாக இறுகிவிடுகின்றன என்று அவருக்கு முன்பே வில்ஹெல்ம் ரைக் எழுதியிருந்தார். ரைக்கிடம் பயின்ற அலெக்சாண்டர் லோவன் அக்கருத்தை உடற்பயிற்சிகளாக வளர்த்தெடுத்தார். பெர்சேலியின் முறை அந்த மரபில் வந்தது. கெண்டைக்காலையும் தொடையையும் களைக்கச் செய்யும் சில அசைவுகளுக்குப் பின், சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கால்களை மடக்கி, தொடைகள் எரியும் வரை அப்படியே நின்று, பிறகு மல்லாந்து படுத்துப் பாதங்களைச் சேர்த்து முழங்கால்களை இருபுறமும் விரித்துவிட வேண்டும். விரிந்த முழங்கால்களைச் சிறிது சிறிதாக ஒன்றையொன்று நோக்கிக் கொண்டுவரும்போது ஏதோ ஓரிடத்தில் உள்தொடை துடிக்கத் தொடங்கும். முதலில் மெல்லிய அதிர்வாக இருப்பது இடுப்புக்கும், சிலருக்கு முதுகு, தோள், தாடை வரைக்கும் பரவும். கால்களை நீட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இந்த நடுக்கத்தைப் பற்றித் தெளிந்தது பாதி, ஊகம் பாதி. நலமுள்ள எவர் கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை நிகழும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணதிர்வு ஒன்று உண்டு. தசை களைக்கும்போதும் அச்சத்தால் அட்ரினலின் பெருகும்போதும் அதுவே பெருத்துக் கண்ணுக்குத் தெரிகிறது என்பது உடலியங்கியல் நன்கறிந்த செய்தி. இதற்கு அப்பால், ஆபத்தில் இருந்து தப்பிய காட்டு விலங்கு நடுங்கித் தன் அச்சத்தை உதறிவிடுகிறது, மனிதரோ அந்த நடுக்கத்தை அடக்கிக்கொள்வதால் அச்சம் உடலில் தங்கிவிடுகிறது என்று பீட்டர் லெவின் 1997-ல் வெளியான தம் நூலில் முன்வைத்த விளக்கம், இத்துறையினர் பலரின் பேச்சிலும் கலந்துவிட்டது. அது ஈர்ப்பான கருதுகோள். ஆனால் தேங்கிய ஆற்றல் என்று அளந்து காட்டத்தக்க ஒன்று தசைக்குள் கண்டறியப்பட்டதில்லை. பயிற்சிக்குப் பின் உடல் இலேசாகி நல்ல உறக்கம் வருகிறது என்று பலர் சொல்வதை நம்பத் தடையேதும் இல்லை. அந்த ஆறுதலில் எவ்வளவு நடுக்கத்தால் வந்தது, எவ்வளவு தசை களைத்துத் தளர்ந்ததால் வந்தது, எவ்வளவு பரிவோடு ஒருவர் அருகில் இருந்ததால் வந்தது என்று பிரித்தறியும் அளவுக்கு ஆய்வுகள் வளரவில்லை. இருப்பவை பெரும்பாலும் சிறியவை.

உடல் சார்ந்த பின்விளைவுகளில் பெரும்பகுதி அச்சத்துக்கு உரியதல்ல. வழக்கமில்லாத உழைப்புக்குப் பின் ஒரு நாள் கழித்துத் தொடங்கி மூன்று நாள் வரை நீடிக்கும் தசைவலியைத் தியோடர் ஹௌ 1902-லேயே விவரித்திருக்கிறார். சுவரோடு சாய்ந்து நின்ற தொடைக்கு மறுநாள் மாடிப்படி இறங்கும்போது வரும் வலி அந்த வகையையே சேர்ந்தது. கொட்டாவி, சில்லிடல், கடும் பசி, வயிற்றுப் பொருமல், அளவுக்கு மீறிய தூக்கம், இவற்றுக்கு நேர்மாறாகப் படுத்தும் கண் மூடாத விழிப்பு, துல்லியமான கனவுகள் ஆகியவையும் சொல்லப்படுகின்றன. உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளுக்கும் அமைதிப்படுத்தும் எதிர்ப்பரிவு நரம்புகளுக்கும் இடையிலான சமநிலை ஒரு பக்கம் சாய்ந்து மீளும்போது இவை தோன்றக்கூடும் என்று கருத இடமுண்டு; ஓரிரு நாளில் தணிந்தால் ஓய்வும் நீரும் உணவும் போதும். ஆனால் தசை வீங்கித் தாங்கமுடியாமல் வலித்து, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் கழிந்தால், அது தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக இருக்கலாம். அப்போது வேண்டியது மருத்துவமனையின் அவசரப் பிரிவு. நெஞ்சுவலி, மயக்கம், நடுக்கத்தின்போது நினைவு தப்புதல், ஒரு பக்கக் கை கால் மரத்துப் போதல் ஆகியவையும் அவ்வாறே. இவற்றைக் கைபேசியில் விவரித்தவருக்கு, பழைய வலி வெளியேறுகிறது, பொறுத்திருங்கள் என்று பதில் போகுமானால் அது உயிரோடு விளையாடுவதாகும்.

மூச்சை வேண்டுமென்றே ஆழமாகவும் வேகமாகவும் இழுத்துவிடும் பயிற்சிகளில் நிகழ்வது இன்னும் தெளிவாக அறியப்பட்டது. மிகைமூச்சால் குருதியில் கரியமில வாயு குறைகிறது. குருதியின் காரத்தன்மை கூடுகிறது. நரம்பையும் தசையையும் நிதானப்படுத்தும் கால்சியத்தில் செயல்படும் பங்கு சுருங்குகிறது. மூளையின் நாளங்கள் குறுகுகின்றன. அதனால் உதடும் விரல்நுனியும் விறுவிறுத்து, தலை கிறுகிறுத்து, சூழல் கனவுபோல் விலகித் தெரிகிறது. மணிக்கட்டு உள்நோக்கி மடங்க, விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இழுபட, கை தானாக ஒரு கூம்பாகப் பூட்டிக்கொள்கிறது. அந்தக் கையைக் கண்டு பங்கேற்பாளர் அலறுவது இயல்பே. மூச்சு இயல்புக்குத் திரும்பினால் சில நிமிடங்களில் விரல்கள் விரியும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர் அலறமாட்டார். ஆனால் பல முகாம்களில் அவருக்குச் சொல்லப்படுவது, கைகளில் அடைபட்டிருந்த துயரம் வெளிவருகிறது, இன்னும் வேகமாக மூச்சுவிடுங்கள் என்பதே. வேதியியலால் விளங்கும் ஒன்றுக்குத் துயரக் கதை ஒன்று பொருத்தப்படும்போது, பயந்த மனிதர் மேலும் பயப்பட வேண்டியவராகிறார்.

மனம் சார்ந்த பின்விளைவுகளுக்கு இத்தகைய நேர்க்கோட்டு விளக்கம் இல்லை. அவற்றில் எளியது அழுகை: காரணம் தெரியாமல் வந்து, அழுது முடித்ததும் நெஞ்சு இலேசாகும் அழுகை. எரிச்சல் அதற்கு அடுத்தது. பயிற்சிக்கு மறுநாள் வீட்டாரிடம் சிடுசிடுப்பவருக்குத் தம் சிடுசிடுப்பின் காரணம் தெரிவதில்லை, வீட்டாருக்கும் தெரிவதில்லை. முதல் நாளின் பரவசத்துக்குப் பின் இரண்டாம் நாளில் வரும் வெறுமை சிலரை மீண்டும் அதே பரவசத்தைத் தேடி அடுத்த அமர்வுக்கு விரட்டுகிறது. தளர்வே அச்சத்தை எழுப்புவதும் உண்டு. தளர்வுப் பயிற்சியால் சிலருக்குப் பதற்றம் கூடுகிறது என்பதை ஹெய்டி, போர்க்கோவெக் ஆகியோர் 1983-ல் ஆவணப்படுத்தினர். எப்போதும் விழிப்பாக இருந்ததால்தான் பிழைத்தோம் என்று உடலால் நம்புகிறவருக்கு, காவல் தளரும் கணம் ஆபத்தின் கணமாகவே தோன்றும்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனத்துக்கு உரியது, வெளிப்பார்வைக்கு அமைதியாகத் தெரிகிற ஒரு பின்விளைவு. தன் உடல் தனதல்ல என்பது போலவும், எதிரில் இருப்பவை கண்ணாடிக்கு அப்பால் இருப்பவை போலவும், நேரம் அறுபட்டுப் போனது போலவும் தோன்றும் அந்த நிலையை உளவியல் விலகல் நிலை என்று குறிப்பிடுகிறது. தாங்கமுடியாத வேளையில் மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் பழைய வழி அது. அழுகிறவருக்கு அறையில் உள்ள எல்லோரும் உதவ ஓடுவார்கள். அழாமல், அசையாமல், விழி ஓரிடத்தில் குத்திட்டு நிற்க, கேட்ட கேள்விக்குத் தாமதமாக ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி, முகத்தில் மெல்லிய புன்னகையோடு படுத்திருப்பவரை, ஆழ்ந்த அமைதியை அடைந்தவர் என்று பயிற்றுநர் பாராட்டிவிட்டுக் கடந்துபோகக் கூடும். அவரே சற்று நேரத்தில் இரு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு நகரப் போக்குவரத்துக்குள் நுழைகிறவர். இன்று என்ன கிழமை, எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள், பாதம் தரையில் படுவது தெரிகிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் பல அமர்வுகளில் ஒதுக்கப்படுவதே இல்லை.

உடலில் எழும் உணர்வுகளுக்குப் பொருள் சொல்லும் துணிச்சலும் இத்துடன் சேர்த்துப் பேசத்தக்கது. இடுப்பு நடுங்கினால் பாலியல் கொடுமை, தொண்டை அடைத்தால் சொல்ல மறுக்கப்பட்ட உண்மை என்று பொருத்தங்கள் வாய்வழியாகப் பரவியிருக்கின்றன. சுவரோடு நின்று களைத்த தொடைக்கு அருகிலுள்ள இடுப்பு நடுங்குவதற்கு வேறு எந்தக் காரணமும் தேவையில்லை. எலிசபெத் லாஃப்டஸ் 1995-ல் வெளியிட்ட சோதனையில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாகப் புனைந்து சொல்லப்பட்ட நிகழ்ச்சியைப் பங்கேற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முழுமையாகவோ அரைகுறையாகவோ தம் சொந்த நினைவாகவே ஏற்றுக்கொண்டார். நடுங்கி, அழுது, தளர்ந்து படுத்திருப்பவர் அச்சோதனையில் பங்கேற்றவரையும்விட எளிதில் கருத்தை ஏற்கும் நிலையில் இருக்கக்கூடும். அந்நேரத்தில் பயிற்றுநர் சொல்லும் ஓர் ஊகம், ஒரு குடும்பத்தைப் பிளக்கும் நினைவாக வளரக்கூடும். மெய்யாகவே கொடுமைக்கு ஆளானவர்களின் சொல்லும் அத்தகைய ஊகங்களால் மதிப்பிழக்கிறது என்பது அதைவிடப் பெரிய அநீதி.

கொட்டித் தீர்த்தால் குணமாகும் என்ற நம்பிக்கை ஏற்கெனவே ஒருமுறை பெரிய அளவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. பேரிடருக்கு உள்ளானவர்களை உடனே ஓர் அமர்வில் உட்காரவைத்து, நிகழ்ந்ததையெல்லாம் உணர்ச்சியோடு சொல்லவைக்கும் முறை 1980-களிலும் 90-களிலும் உலகெங்கும் நல்லெண்ணத்தோடு பரப்பப்பட்டது. ஜோனதன் பிஸனும் உடன் ஆய்வாளர்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், தீக்காயமுற்றோருள் அவ்வமர்வில் பங்கேற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் பங்கேற்காதவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் 13 மாதங்களுக்குப் பின் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. இம்முறையால் அக்கோளாறு தடுக்கப்படுவதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் முடிவு செய்தன; நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் முல்லைத்தீவையும் சூறையாடிய 2004 ஆழிப்பேரலைக்குப் பின், ஒற்றை அமர்வு முறையைக் கையாள வேண்டாம் என்று உலக நலவாழ்வு அமைப்பு வெளிப்படையாகவே அறிவித்தது. பயன் தருவதாகத் தோன்றிய அமர்வின் தீங்கு, ஓராண்டுக்கும் மேல் கழித்துக் கணக்கெடுத்தபோதுதான் வெளிப்பட்டது என்பதை இத்துறையினர் மனத்தில் கொள்ள வேண்டும். ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் ஆகியோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அண்மையது: பௌத்தத் தியானம் பயின்ற மேற்கு நாட்டினர் 60 பேரிடம் நேர்காணல் செய்து, இடர் தரக்கூடிய அனுபவங்களை 59 வகைகளாக அவர்கள் பிரித்தனர், உடல் தானாக அசைவதும் அச்சமும் உணர்விழப்பும் அவற்றுள் அடங்கும், சிலருக்கு நாட்களில் தீர்ந்தவை வேறு சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தன.

துயரம் உடலில் பேசுகிறது என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், வட இலங்கையின் போர்க்கால உளநலம் பற்றி எழுதியவற்றில், தம்மிடம் வந்தோர் கவலையைக் கவலையென்று சொல்லாமல் நெஞ்செரிவாகவும் உடல் உளைவாகவும் பெருமூச்சாகவும் சொன்னதைப் பதிவு செய்கிறார். மூச்சைக் கவனித்தல், அவரவர் சமயத்துக்கு ஏற்ற சொல்லை உருவேற்றுதல் போன்ற பழகிய வழிகளை அவர் அங்கு பயன்படுத்தினார். அவை ஊர் அறிந்தவை, மெதுவானவை, நோயாளியின் வாழ்க்கையோடு ஒட்டியவை. அவரும் உடன் ஆய்வாளர்களும் அப்பகுதியில் உரு வருவதையும் (சாமியாடுவதையும்) ஆராய்ந்திருக்கிறார்கள். கோயிலில் உரு வந்து உடல் குலுங்குபவருக்குப் பின்னால், விழுந்துவிடாமல் தாங்க ஒருவர் எப்போதும் நிற்பார். உரு இறங்கியதும் திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்காரவைத்து, தெளியும் வரை உறவினர் கூடவே இருப்பார்கள். மறுநாளும் அவர் அதே ஊரில், அதே மனிதர்கள் நடுவில் இருப்பார். அதை மனவடு மருத்துவம் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் குலுங்கிய உடலுக்குக் குலுக்கம் நின்ற பிறகு மனிதர் தேவை என்பதை அந்த ஊர்கள் அறிந்திருந்தன. முன்பின் தெரியாத முப்பது பேரை ஒரு கூடத்தில் நடுங்கவைத்துவிட்டு, மாலைப் பேருந்துக்கு அனுப்பிவைக்கும் முகாம் அந்த அறிவை இழந்திருக்கிறது.

ஜூடித் ஹெர்மன் 1992-ல் வெளியான தம் நூலில் மனவடுவில் இருந்து மீள்வதை மூன்று கட்டங்களாகப் பார்த்தார்: பாதுகாப்பை நிலைநாட்டுதல், நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், வாழ்க்கையோடு மீண்டும் இணைதல். முதற்கட்டத்தை முடிக்காத ஒருவரை, அதாவது இன்னும் அடிக்கும் கணவனோடு ஒரே கூரையின்கீழ் இருப்பவரை, தூக்கமே இல்லாதவரை, குடியால் நாளைக் கடத்துபவரை இரண்டாம் கட்டத்துக்கு இழுப்பது தகாது. ஆகவே பயிற்சிக்கு முன்பே கேட்டறிய வேண்டியவை உண்டு: வலிப்பு நோய், இதய நோய், கருவுற்ற நிலை, அண்மைக்கால அறுவைச் சிகிச்சை, மனச்சிதைவு அல்லது இருமுனைக் கோளாறு, தற்கொலை எண்ணம். எவற்றை எதிர்பார்க்கலாம், எவை வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை எழுத்தில் கொடுப்பது அடுத்தது. முதல் அமர்வில் சில நிமிட நடுக்கம் போதும். விட்டுவிட்டு, இடையில் ஓய்வு நாட்களோடு செய்யவே டிஆர்இ முறையை வகுத்தவரும் கற்பிக்கிறார். நிறுத்தக் கற்றுக்கொடுத்த பிறகே தொடங்கக் கற்றுக்கொடுப்பது நல்லது: கால்களை நீட்டி, பக்கவாட்டில் திரும்பி, கண்ணைத் திறந்து, அறையில் உள்ள பொருள்களின் பெயரைச் சொல்லி நடுக்கத்தை இரண்டு மூன்று முறை நிறுத்திக் காட்டியவருக்குத் தம் உடல் தம் வசம் இருக்கிறது என்ற உறுதி கிடைக்கும். கொடுமைக்கு உள்ளானவர் இழந்தது அந்த உறுதியையே என்பதால், வேண்டாம் என்று அவர் சொல்லும் சொல்லை எதிர்ப்பு என்றோ தயக்கம் என்றோ பெயரிட்டுத் தள்ளுவது பழைய கொடுமையை மறுபடி நிகழ்த்துவதாகும். அனுமதியின்றித் தொடுவதும் அத்தகையதே.

மூன்றாம் நாளில் ஓர் அழைப்பு வேண்டும். தூக்கம் எப்படி, உணவு எப்படி, தனியாக இருக்கிறீர்களா என்று கேட்பதே அதில் முதன்மை. பின்விளைவு நாளுக்கு நாள் தணிந்து, அன்றாட வேலைகள் நடந்துகொண்டிருந்தால் பொறுத்திருக்கலாம். நாளுக்கு நாள் கூடினாலோ, பழைய நிகழ்ச்சி இப்போதே நடப்பதுபோல் மீண்டும் மீண்டும் தாக்கினாலோ, ஒரு வாரம் கடந்தும் தூக்கம் திரும்பாவிட்டாலோ பயிற்சியை நிறுத்தி உளமருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இன்னும் சில அமர்வுகள் செய்தால் சரியாகிவிடும் என்ற பதில் அந்நிலையில் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல், இந்தியாவில் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணையோ இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணையோ அவரோடு சேர்ந்தே அழைக்க வேண்டும்.

பயிற்றுநர்கள் தம் அனுபவத்தைச் சான்றாகக் காட்டுவதுண்டு: இத்தனை ஆண்டுகளில் எவருக்கும் தீங்கு நேர்ந்து பார்த்ததில்லை என்பார்கள். அதைச் சொல்வோர் பொய் சொல்வதில்லை. நலம் பெற்றவர் மீண்டும் வருகிறார், நன்றி சொல்கிறார், நண்பரையும் அழைத்து வருகிறார். நலம் கெட்டவர் வருவதை நிறுத்திவிடுகிறார், குறை தம்மிடமே என்று எண்ணிப் பேசாதிருந்துவிடுகிறார். ஆகவே பயிற்றுநரின் கண்ணுக்கு எட்டுவோர் பெரும்பாலும் பயன் பெற்றவர்களாகவே இருப்பர். வருகைப் பதிவேட்டில் ஒரே அமர்வோடு நின்றுபோன பெயர்கள் எல்லாப் பயிற்றுநரிடமும் இருக்கும். அப்பெயர்களுக்கு உரியவர்களை, மறுபடி வரச் சொல்லி வற்புறுத்தாமல், அன்றைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொல்வதை விளக்கம் ஏதும் சேர்க்காமல் எழுதி வைக்கும்படி இம்மடல் பயிற்றுநர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறது.